எர்த் இல்லாத வீட்ல பிசி திறந்து பவர் சப்ளை, ராம், கிராபிக்ஸ் கார்டு மாத்தணும், எப்படி பாதுகாப்பா பண்றது?

தாம்வே_தம்பி:

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, ரங்கூன் தாம்வேல இருந்து எழுதறேன். வீட்ல ஒரு டெஸ்க்டாப் இருக்கு, எங்க அக்கா அதுலதான் கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழ்லயும் பர்மாலயும் டிசைன் பண்ணித் தர்றாங்க, வீட்டு வருமானத்துல பாதி அந்த மெஷின்தான். ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, டிடிஆர்4 8 ஜிபி ராம் ஒண்ணே ஒண்ணு, ஜிடி 1030 கார்டு, 240 ஜிபி சாட்டா (கேபிள்ல மாட்டற வகை) எஸ்எஸ்டி, அப்புறம் 450 வாட் சப்ளை. பெரிய பேனர் ஃபைல் திறந்தா அப்படியே உறைஞ்சு நின்னுடுது.

இப்ப கொஞ்சம் கொஞ்சமா காசு சேத்து சாமான் வாங்கி வச்சிருக்கேன். 16 ஜிபி ராம் ரெண்டு (3200), 1 டிபி எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டுலயே நேரா சொருகற டிரைவ்), ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு, 650 வாட் மாடுலர் (கேபிளைத் தனியா கழட்டி மாட்டற) சப்ளை. சப்ளை மட்டும் செகண்ட் ஹேண்ட். கடைல குடுத்தா சாமான் மாறிடுமோன்னு அக்காவுக்கு பயம், அதனால நானே மாத்தலாம்னு இருக்கேன். ராம் கழட்டி மாட்டியிருக்கேன், சப்ளை மாத்துனது இல்ல.

சந்தேகம் என்னன்னா, ஒரு வீடியோல சப்ளை சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பிளக்கை சொருகியே வை, அப்பதான் எர்த் கிடைக்கும்னு சொல்றாங்க, இன்னொரு வீடியோல பிளக்கைப் புடுங்குன்னு சொல்றாங்க. எங்க வீடு நாலாவது மாடி, பழைய பில்டிங், பாதி சாக்கெட்டு ரெண்டு ஓட்டைதான், மூணு ஓட்டை இருக்கற எடத்துலயும் பின்னாடி எர்த் வயர் வரல. கேஸ்ல பெயிண்ட் இல்லாத எடத்தைத் தொட்டா விரல்ல சுர்ருன்னு இருக்கு, டெஸ்டர் வச்சா லைட் எரியுது. இது ஆபத்தா இல்லையா?

இன்னொண்ணு, சப்ளை வித்தவரு சாட்டா கேபிள் தொலைஞ்சு போச்சுன்னு வேற ஒரு சப்ளையோட கேபிளைக் குடுத்தாரு, சப்ளை பக்கம் கரெக்டா சொருகுது. அதைப் போடலாமா? பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவற பேஸ்டும் மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பெகு_ரிப்பேர்_அண்ணன்:

தம்பி, பிளக்கைப் புடுங்கிடு. சொருகி வைன்னு சொல்ற வீடியோ அவங்க ஊருக்கு சரி, அங்க சாக்கெட்ல மூணாவது பின் நிஜமாவே மண்ணுக்குப் போகுது, சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு சொருகி வச்சா கேஸ் எர்த்தோட சேந்து இருக்கும், கேஸைத் தொட்டதும் உரசல்ல உடம்புல சேர்ற சார்ஜ், அதான் ஸ்டாட்டிக், இறங்கிடும். உன் வீட்ல அந்த வயரே இல்லைன்னு நீயே சொல்ற, அப்ப சொருகி வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஆபத்து மட்டும்தான் மிச்சம். நெறைய சப்ளைல பின்னாடி இருக்கற சுவிட்ச் ரெண்டு கம்பில ஒண்ணைத்தான் வெட்டும். நம்ம ரெண்டு பின் பிளக்கை எப்படி வேணா திருப்பிச் சொருகலாம், லைவும் நியூட்ரலும் இடம் மாறிட்டா சுவிட்ச் நியூட்ரலை வெட்டிட்டு லைவை உள்ளயே விட்டு வச்சிருக்கும். கரண்ட் கட் நேரம்தானேன்னு சொருகினபடியே திறந்து வேலை பாக்கறவங்களை நெறைய பாக்கறேன், ரொம்பத் தப்பு, எப்ப கரண்ட் வரும், எப்ப கீழ ஜெனரேட்டரைப் போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்.

அப்ப ஸ்டாட்டிக்குக்கு என்ன பண்றதுன்னு கேப்ப. ஸ்டாட்டிக் சாமானைக் கொல்றது ரெண்டு பொருளுக்கு நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும்போதுதான். உன் உடம்பும், கேஸும், கைல இருக்கற சாமானும் ஒரே அளவுல இருந்தா ஒண்ணும் பாயாது, அதுக்கு மண்ணுல எர்த் இருந்தாகணும்னு அவசியமே இல்ல. பிளக்கைப் புடுங்கிட்டு, பவர் பட்டனை 10 செகண்ட் அழுத்திப் பிடி, உள்ள மிச்சம் இருக்கற சார்ஜ் பெரும்பாலும் போயிடும், சில நேரம் ஃபேன் ஒரு தடவை லேசா அசைஞ்சு நிக்கும். அப்புறம் கேஸ்ல பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடு. வேலை நடுவுல எழுந்து நடந்துட்டு வந்தா மறுபடி தொடு. புது சாமான் பையை எடுத்ததும் பையோடயே கேஸ் மேல வச்சுட்டு அப்புறம் பிரி. மணிக்கட்டுல கட்டற ரிஸ்ட் ஸ்ட்ராப் கிடைச்சா நல்லது, வயர் இருக்கறதா வாங்கு, கிளிப்பைக் கேஸ் இரும்புல மாட்டு. வயர்லெஸ் ஸ்ட்ராப்னு விக்கறாங்க பாரு, அதுல சார்ஜ் போறதுக்கு வழியே இல்ல, காசு தண்டம்.

மழைக்காலத்துல நம்ம ஊர் ஈரத்துக்கு ஸ்டாட்டிக் அவ்வளவா சேராது, மார்கழி தைல காத்து காஞ்சு போகும் பாரு, அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும். நைலான் சட்டை, பாலியஸ்டர் லுங்கி, பிளாஸ்டிக் பாய் இதெல்லாம் வேணாம். கைல அடிக்கறது நமக்குத் தெரியணும்னாலே 2000, 3000 வோல்ட் ஆகணும், சில சிப்பு அதுல பத்துல ஒரு பங்குலயே செத்துப் போகும், அதனால எனக்கு ஒண்ணும் அடிக்கலையேன்னு தைரியமா இருக்க முடியாது.

சுர்ருன்னு அடிக்கற விஷயம். சப்ளை உள்ள நுழையற எடத்துல ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, லைவ்ல இருந்து கேஸுக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரல்ல இருந்து கேஸுக்கு ஒண்ணு. எர்த் இருந்தா அதுல வர்ற துளி கரண்ட் மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா கேஸ் அந்த ரெண்டுக்கும் நடுவுல தொங்கும், 230 வோல்ட்ல பாதி, 115 கிட்ட வந்து நிக்கும், டெஸ்டர் எரியறது அதுக்குத்தான். கரண்ட் ரொம்பக் கம்மி, பெரும்பாலும் ஒரு மில்லிஆம்பு கூட வராது, அதனால சுர்ருங்குது, ஆளைத் தூக்கி அடிக்கல. ஆனா கை உதறித் தள்ளுற மாதிரி அடிச்சா அது ஃபில்டர் இல்ல, உள்ள எங்கயோ நிஜமாவே லீக், அந்த சப்ளையைத் தூக்கிப் போடு. மெல்லிசா அடிக்குதேன்னும் சும்மா விடாத. இந்த மாதிரி எர்த் இல்லாத மெஷினை ஆன்ல வச்சுக்கிட்டு டிவிலயோ மானிட்டர்லயோ எச்டிஎம்ஐ சொருகும்போது முனைல பொறி பறக்கும், அதுல போர்ட் செத்துப் போன கார்டு என்கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. எல்லா கேபிளையும் மாட்டி முடிச்சுட்டு கடைசியா மெயின் பிளக்கை சொருகு, கழட்டும்போது மெயின் பிளக்கை முதல்ல புடுங்கு.

இப்ப அந்த சாட்டா கேபிள். தம்பி, கும்பிட்டுக் கேக்கறேன், அதைப் போட்டுடாத. மாடுலர் சப்ளைல டிரைவ் பக்கம் இருக்கற முனைதான் எல்லாருக்கும் பொது. சப்ளை பக்கம் இருக்கற முனைக்கு எந்த ஸ்டாண்டர்டும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு வயரை வரிசைப்படுத்தறாங்க, ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்கே மாறும். ஓட்டையும் கிளிப்பும் ஒரே மாதிரி இருக்கும், சொகமா உள்ள போகும், ஆன் பண்ணின நொடில 5 வோல்ட் வரவேண்டிய எடத்துல 12 வோல்ட் வந்து எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் எரிச்சுடும். அக்காவோட டிசைன் பூரா அந்த 240 ஜிபிலதானே இருக்கு? நான் நேர்ல பாத்ததுல பரிதாபமான கேஸ் எல்லாம் இதுதான், மெஷின் நல்லா இருக்கும், டேட்டா போயிருக்கும்.

கேபிள் எந்த மாடலுக்கு உள்ளதுன்னு எழுதியிருக்கான்னு பாரு, எழுதலைன்னா மல்டிமீட்டர் வச்சு அளக்காம மாட்டாத. சப்ளையை கேஸ்ல இருந்து வெளிய எடுத்து வெறும் சப்ளையா வச்சுக்கோ, எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. 24 பின் கனெக்டர்ல 16-வது பின்தான் ஆன் பண்ற வயர், பழைய சப்ளைல பச்சையா இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் கிரவுண்டு. பிளக் சொருகறதுக்கு முன்னாடியே பச்சைக்கும் பக்கத்து கருப்புக்கும் ஒரு சின்ன இன்சுலேட்டட் வயர் துண்டு போட்டுடு, அப்புறம் சொருகி ஆன் பண்ணினா ஃபேன் சுத்தும். சில சப்ளைல லோடு இல்லைன்னா ஃபேன் சுத்தாது, மீட்டர் சொல்லும். சாட்டா பவர் முனைல 15 பின், முதல் மூணு 3.3 வோல்ட், 7, 8, 9 வந்து 5 வோல்ட், 13, 14, 15 வந்து 12 வோல்ட், நடுவுல இருக்கறது கிரவுண்டு. 12 இருக்க வேண்டிய எடத்துல 11.4-க்கும் 12.6-க்கும் நடுவுல, 5 இருக்க வேண்டிய எடத்துல 4.75-க்கும் 5.25-க்கும் நடுவுல இருக்கணும். சில புது சப்ளைல 3.3 வயரே போட மாட்டாங்க, அங்க ஒண்ணும் வரலைன்னா பயப்படாத. மத்தது ஒண்ணு மாறி இருந்தாலும் அந்த கேபிளைக் கத்திரிச்சுக் குப்பைல போடு, வேற யாரும் எடுத்து மாட்டிடக் கூடாது.

சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காத. செகண்ட் ஹேண்டுன்னா தூசி எடுக்கலாம்னு தோணும். உள்ள பெரிய கெபாசிட்டர்ல 325-ல இருந்து 400 வோல்ட் வரைக்கும் நிக்கும், பிளக்கைப் புடுங்கின அப்புறமும் கொஞ்ச நேரம் இருக்கும். வெளிய இருந்து ஊது, ஃபேனை ஒரு குச்சியால பிடிச்சுக்கிட்டு ஊது, அவ்வளவுதான்.


கமாயுட்_மச்சான்:

தம்பி எர்த்துக்கு இவ்வளவு கவலைப்படாதீங்க, கேஸ்ல இருந்து ஒரு வயர் எடுத்து பாத்ரூம் தண்ணி பைப்புல கட்டிடுங்க, எங்க பழைய வீட்ல அப்படித்தான் இருந்துச்சு, சுர்ருங்கறது நின்னுடும். பைப்பு பிளாஸ்டிக்கா இருந்தா நியூட்ரல்ல சேத்துடலாம், ரெண்டும் ஒண்ணுதான், டிரான்ஸ்ஃபார்மர்ல நியூட்ரலை எர்த்தோடதானே சேக்கறாங்க.


இன்சேன்_வயர்மேன்:

மேல இருக்கறதை யாரும் செஞ்சுடாதீங்க, தயவு பண்ணி. மச்சான், நீங்க நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இது ஆளைக் கொல்ற வேலை. நியூட்ரலை கேஸ்ல சேத்தீங்கன்னா, எங்கயாவது அந்த நியூட்ரல் வயர் கழண்டுச்சுன்னா, மீட்டர் பக்கம் ஒரு ஸ்க்ரூ லூஸ் ஆனாக்கூடப் போதும், லைவ் பூரா மெஷின் உள்ள போய் நியூட்ரல் வழியா கேஸுக்கு வந்துடும், 230 வோல்ட்டும் கேஸ் மேல. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினா அது கூட வேணாம், நேரா லைவ்தான் கேஸ்ல. ஃபியூஸும் போகாது. நம்ம பழைய பில்டிங்ல மெயின் பாக்ஸைத் திறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், நியூட்ரல் ஜாயிண்டு கருகிப் போய்க் கிடக்கும்.

தண்ணி பைப்பும் அதே கதை. மேல இரும்பா தெரியும், கீழ ரெண்டாவது மாடில யாரோ பிவிசி போட்டு ஒட்டியிருப்பாங்க, மண்ணுக்குப் போகாது. உங்க மெஷின் லீக் ஆனா கீழ் வீட்ல குளிக்கறவங்களுக்கு குழாயில ஷாக் அடிக்கும். அது பாவம் இல்லையா.

சரியான வழி செலவு ஆகற வழிதான், ஆனா ஒரு தடவை பண்ணினா போதும். கீழ தரைல எர்த் ராடு அடிச்சு, தனி பச்சை வயர் ஒண்ணு மேல கொண்டு வந்து மெயின் பாக்ஸ்ல சேக்கணும், அங்க இருந்து பிசி இருக்கற ஒரு சாக்கெட்டுக்காவது மூணு வயர் இழுக்கணும். பில்டிங்ல நாலு வீடு சேந்து பண்ணினா செலவு பங்காயிடும். அதோட 30 மில்லிஆம்பு ஆர்சிடி (லீக் ஆனா கரண்டை வெட்டற சுவிட்ச்) ஒண்ணு மெயின்ல போடுங்க. எர்த் போட முடியாத வீட்லயும் ஆர்சிடி போட்டா, யாராவது லைவைத் தொட்டு கரண்டு உடம்பு வழியா மண்ணுக்குப் போச்சுன்னா டக்குனு கட் ஆயிடும், அது எர்த்துக்கு பதில் இல்ல, ஆனா உயிரைக் காப்பாத்தும். வாரத்துல ஒரு நாள் இல்லைன்னாலும் மாசத்துல ஒரு நாளாவது அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க.

மூணு பின் பிளக்கு ரெண்டு ஓட்டைல போகலைன்னு எர்த் பின்னை வெட்டி எறியறவங்களும் இருக்காங்க, வேணாம். நாளைக்கு நல்ல சாக்கெட் போட்டாலும் அந்த பிளக்கு உதவாது.


கமாயுட்_மச்சான்:

சரிண்ணே, நியூட்ரல் கழண்டா இப்படி ஆகும்னு யோசிக்கல. விளக்கினதுக்கு நன்றி.


மோல்மின்_அக்கா:

மின்சாரக் கதை எல்லாம் அண்ணன்மாரே சொல்லிட்டாங்க, நான் மாட்டற கதை சொல்றேன் தம்பி. நான் இங்க புள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கறேன், வருஷா வருஷம் லேப் மெஷினை நாங்களேதான் திறந்து பாக்கறது.

முதல் வேலை அக்கா ஃபைலை எல்லாம் வெளி டிரைவ்ல காப்பி எடு, எடுத்ததைத் திறந்து பாரு, அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர். ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தணும்னு ஆசைப்படாத. சப்ளை மட்டும் மாத்தி பழைய சாமானோட ஆன் பண்ணிப் பாரு, சரியா இருந்தா ராம், அப்புறம் எஸ்எஸ்டி, கடைசியா கார்டு. எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு ஸ்க்ரீன் வரலைன்னா எதுன்னு தேடறதுக்குள்ள அழுகை வந்துடும். பகல்ல, ஜன்னல் வெளிச்சத்துல, மேஜை மேல வச்சுப் பண்ணு. பழைய கனெக்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி ஃபோன்ல நாலு பக்கமும் படம் எடுத்துக்கோ.

சப்ளைல இருந்து போர்டுக்கு 24 பின் ஒண்ணு, பிராசசர் பக்கம் மேல் மூலைல 8 பின் ஒண்ணு. அந்த 8 பின் 4+4-ஆ பிரியும். கார்டுக்கு போற 8 பின் 6+2-ஆ பிரியும். ரெண்டும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும், ஆனா 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் பக்கம். ஓட்டை வடிவம் மாறி இருக்கும், சரியா உக்காரலைன்னா அழுத்தாத, அழுத்தினா போயிடும், போனா அவ்வளவுதான். கேபிள் மேலயே சிபியு, பிசிஐஇன்னு எழுதியிருக்கும், படிச்சுட்டு மாட்டு.

ராம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். பழைய 8 ஜிபியை எடுத்துடு, வேற ஸ்பீடு ராமோட கலந்தா புதுசும் மெதுவாதான் ஓடும். நாலு ஸ்லாட் இருந்தா பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது. ராம்ல இருக்கற வெட்டு ஸ்லாட்ல இருக்கற மேட்டோட சேருதான்னு முதல்ல கண்ணால பாரு, டிடிஆர்3-ம் டிடிஆர்4-ம் வெட்டு வேற வேற எடத்துல இருக்கும். ரெண்டு கட்டை விரலால ரெண்டு ஓரத்துலயும் சமமா அழுத்து, டக்குனு கிளிப்பு தானா மூடணும். சில போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப்பு ஆடும், இன்னொரு பக்கம் அசையாது, அங்கதான் பாதி உக்காந்து நிக்கும், விரலால தடவிப் பாரு. பழைய ஸ்லாட்ல பூஞ்சை மாதிரி வெள்ளையா ஏதாவது இருந்தா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடை, நம்ம மோல்மின் மழைல இது சாதாரணம், ரங்கூன்லயும் கொஞ்சம் இருக்கும்.

எம்.2 எஸ்எஸ்டி மாட்டறதுக்கு முன்னாடி போர்டு புத்தகத்தைப் பாரு, சில போர்டுல அந்த ஸ்லாட்ல ஒண்ணைப் போட்டா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது, பழைய எஸ்எஸ்டி காணாமப் போச்சுன்னு நீ தேடிக்கிட்டு இருப்ப. 30 டிகிரி சாய்ச்சு உள்ள தள்ளு, முனைல தங்கப் பட்டை தெரியாத அளவுக்குப் போகணும், அப்புறம் படுக்க வச்சு ஸ்க்ரூ போடு. கை எடுத்தா ஸ்பிரிங் மாதிரி எழுந்து நிக்கும், அது சரிதான். அந்த ஸ்க்ரூ எறும்பு அளவுதான் இருக்கும், கீழ ஒரு வெள்ளைத் துணி விரிச்சுக்கோ. ஹீட்சிங்க் (சூட்டை இறக்கற உலோகத் தகடு) இருந்தா அதுல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் தாளை உரிச்சுட்டு மாட்டு.

கார்டு எடுக்கும்போதுதான் நெறைய பேரு ஸ்லாட்டை உடைக்கறாங்க. பின் பக்கம் ஸ்க்ரூ கழட்டின உடனே இழுத்துடாத, ஸ்லாட்டோட வால் பக்கம் ஒரு கிளிப்பு கார்டைக் கவ்விக்கிட்டு இருக்கும், கார்டு அடில மறைஞ்சு இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. கௌசுவே நூடுல்ஸ் கடைல குடுக்கற மூங்கில் குச்சி இருந்தா அதால அமுக்கு, இரும்பு ஸ்க்ரூடிரைவர் போடாத, வழுக்கினா போர்டுல கோடு விழுந்துடும். 3060 நீளமான கார்டு, ஹார்ட் டிஸ்க் கூண்டுல இடிக்குதான்னு வாங்கின பெட்டில போட்டிருக்கற நீளத்தை வச்சு முன்னாடியே அளந்துக்கோ. அது 170 வாட் இழுக்கும், ஸ்லாட்டு 75 வாட்தான் குடுக்கும், அதனால 8 பின் பவர் மாட்டாம ஓடாது. சாட்டா கேபிள் இல்லைன்னு நாலு பின் மோலெக்ஸ்ல (பழைய டிரைவ் பவர் முனை) இருந்து சாட்டாவுக்கு மாத்தற அச்சுல ஊத்தின அடாப்டர் மலிவா விக்கறாங்க, உள்ள வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தீப்பிடிக்கும், வீட்டுக்குள்ளயே சேக்காத.

பேஸ்ட், உன் கேள்விக்கு என் பதில் தொடாதங்கறதுதான். வேலை செய்யும்போது சூடு 80 தாண்டாம இருந்தா அதை ஏன் கழட்டணும்? உன்னோடது ஏஎம்4 பிராசசர், 1331 குட்டிப் பின் அடில இருக்கு, காஞ்ச பேஸ்ட்ல கூலரோட ஒட்டிக்கிட்டு சாக்கெட் லீவர் மூடியிருக்கும்போதே புடுங்கிக்கிட்டு வந்துடும், பின் வளையும். கட்டாயம் கழட்டணும்னா அரை மணி மெஷினை ஓட விட்டு சூடாக்கு, ஆஃப் பண்ணி, பிளக்கைப் புடுங்கி, கூலரை மேல இழுக்காம இடது வலதா மெதுவாத் திருகு, பிடி விட்டதும் தூக்கு.


தாம்வே_தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பிளக்கைப் புடுங்கிட்டு, சப்ளையை வெளிய வச்சு பெகு அண்ணன் சொன்ன மாதிரி அளந்தேன். அந்த கேபிள்ல 5 வோல்ட் வரவேண்டிய 7, 8, 9-ல 12.1 காட்டுச்சு அண்ணே! கை நடுங்கிடுச்சு. கேபிளை வெட்டிப் போட்டுட்டேன். வித்தவருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன், அவரு தேடி ஒரிஜினல் கேபிளைக் கொண்டு வந்து குடுத்தாரு, அதுல 5.04, 12.06 சரியா வந்துச்சு.

சப்ளை மாத்தி பழைய சாமானோட ஓட்டினேன், நல்லா ஓடுச்சு. இப்ப புது ராம் ரெண்டையும் போட்டேன், ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு, தானா ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகுது. ராம் செத்துடுச்சா?


மோல்மின்_அக்கா:

பதறாத, ராம் நல்லாதான் இருக்கும். புது ராம் போட்டா போர்டு அதை சோதிச்சு வேகம் பிடிக்கும், அதுக்குள்ள ரெண்டு மூணு தடவை தானா அணைஞ்சு எழுந்திரிக்கும். ஒரு அஞ்சு நிமிஷம் தொடாம விடு. அப்பவும் வரலைன்னா பிளக்கைப் புடுங்கிட்டு ஒரு ராம் மட்டும் ரெண்டாவது ஸ்லாட்ல வச்சுப் பாரு, அதுவும் இல்லைன்னா பிளக் புடுங்கினபடியே போர்டுல இருக்கற வட்ட பேட்டரி சிஆர்2032-ஐ எடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடு. மானிட்டர் கேபிள் கார்டுலதான் இருக்கணும், போர்டுல சொருகினா 3600-ல படம் வராது, அந்த பிராசசர்ல கிராபிக்ஸ் கிடையாது.


தாம்வே_தம்பி:

வந்துடுச்சு அக்கா! விட்டுட்டு சாப்பிட்டு வந்து பாத்தா விண்டோஸ் நிக்குது. 32 ஜிபி காட்டுது, ஆனா ஸ்பீடு 2133-ன்னு போட்டிருக்கு. எஸ்எஸ்டியும் கார்டும் நாளைக்கு மாட்டறேன். எங்க பில்டிங் ஜெனரேட்டர் மாறும்போது மெஷின் அணைஞ்சு போகுது, அக்கா வேலையும் போகுது, இருக்கற யுபிஎஸ் பழைய சப்ளைக்குத் தாங்குச்சு, இதுக்குத் தாங்குமா?


பெகு_ரிப்பேர்_அண்ணன்:

கேபிளை அளந்தியே, மனசு நெறஞ்சுது தம்பி. 2133-க்கு பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டு செட்டிங்) போய் எக்ஸ்எம்பி, அதாவது ராமோட முழு வேக செட்டிங்கை, ஆன் பண்ணு, 3200 வந்துடும். அதைப் பண்ணும்போதும், பயாஸ் அப்டேட் ஏதாவது பண்ணினாலும், கரண்ட் கட் ஆகற நேரமா பாத்துப் பண்ணாத, அப்டேட் நடுவுல அணைஞ்சா போர்டு எழுந்திரிக்காது.

யுபிஎஸ் பின்னாடி எவ்வளவு வாட்னு பாரு, விஏ-வைப் பாக்காத. 650 விஏ-ன்னு போட்டு கீழ 360 வாட்னு எழுதியிருக்கும், உன் மெஷின் கார்டோட முழு வேகத்துல 300 வாட்டைத் தொடும், மானிட்டர் தனி. அதோட புது சப்ளைல ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை இழுக்கறதைச் சீர் பண்ற சர்க்யூட்) இருக்கும், மலிவு யுபிஎஸ், சில இன்வெர்ட்டர் எல்லாம் படிக்கட்டு மாதிரி அலையைத் தரும், அதுல சில சப்ளை பேட்டரிக்கு மாறின நொடியே அணைஞ்சுடும். பியூர் சைன் வேவ்னு எழுதியிருக்கறதா வாங்கு. வாங்கறதுக்கு முன்னாடி கடைல கேட்டு உன் மெஷினையே கொண்டு போய் மாட்டி, பெரிய பேனர் ஃபைல் திறந்து வச்சுக்கிட்டு, சுவர் பிளக்கைப் புடுங்கிப் பாரு. அங்க நின்னா வீட்லயும் நிக்கும். கரண்ட் திரும்பி வந்த உடனே ஆன் பண்ணாம ஒரு அஞ்சு பத்து நிமிஷம் பொறு, வர்ற நேரத்துல வோல்டேஜ் ஏறி இறங்கும். கார்டு மாட்டினதும் சூடு எவ்வளவு காட்டுதுன்னு இங்க எழுது.